வெள்ளம் வந்த காலையில் நகராட்சியின் கையில் என்ன இருக்கும்? அவசரகால இருப்பு நிதி: ஓர் எளிய அறிமுகம்

ஆற்றங்கரையில் ஒரு நகரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நகராட்சி ஆண்டுக்கு 120 கோடி செலவு செய்கிறது. எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், கணக்கு எங்கும் ஒன்றுதான். இரவு முழுக்கப் பெய்த மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. விடியும்போது தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். குடிநீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் மூழ்கிக் கிடக்கின்றன.

அந்தக் காலையில் நகராட்சிக்கு என்னென்ன வேண்டும்? தண்ணீரை இறைக்கப் பம்புகள், அவற்றுக்கு டீசல், குடிநீர் லாரிகள், படகுகள், குளோரின், விழுந்த மரங்களை அறுத்து அகற்ற ஆட்கள், பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தவர்களுக்குச் சாப்பாடு, இரவு பகலாக வேலைபார்க்கும் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கூடுதல் கூலி. இதில் எதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. பம்பு வாடகைக்கு விடுபவர் முன்பணம் கேட்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, அதே காலையில் அவரிடம் பத்து ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள்.

மேலே இருக்கும் அரசு உதவாதா என்று கேட்கலாம். உதவும். ஆனால் அந்த உதவி எப்போது, எந்த வழியில் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதிபர் பேரிடர் என்று அறிவித்த இடங்களில், தகுதியுள்ள பொதுச் செலவுகளில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான செலவுகளை ஊர்தான் முதலில் செய்ய வேண்டும். பிறகு ரசீதுகளைத் திரட்டி அனுப்ப வேண்டும். அவை சரிபார்க்கப்பட்ட பின்புதான் பணம் திரும்பி வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பெரிய சீரமைப்பு வேலைகளில் ஆண்டுக்கணக்கிலும் ஆவதுண்டு. மீதி 25 சதவீதத்தை மாநிலமும் உள்ளாட்சியும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உதவி நிச்சயம் வரும் என்றாலும், அது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க ஊரின் கையில் சொந்தப் பணம் இருந்தாக வேண்டும்.

அந்தச் சொந்தப் பணம்தான் அவசரகால இருப்பு நிதி. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பேச்சுவழக்கில் இதை ‘மழைநாள் நிதி’ என்பார்கள். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது ‘எவ்வளவு இருக்கிறது?’ என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பல ஊர்களின் கதைகளைப் படித்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இந்தப் பெட்டியை எதற்குத் திறக்கலாம், யார் திறக்கலாம், திறந்து எடுத்ததை யார் எப்போது திருப்பி வைப்பது என்பதை வெயில் காய்கிற நாளிலேயே எழுதிவைத்தார்களா? எழுதிவைக்காத ஊரில் எவ்வளவு பெரிய தொகையும் தங்குவதில்லை.

மிச்சம் வேறு, இருப்பு வேறு

புதிதாக இதைப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓராண்டில் வரவு செலவைவிடக் கூடுதலாக இருந்தால் அது உபரி. இப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்த உபரி, கணக்கேட்டில் ‘நிதி இருப்பு’ என்று ஒரே தொகையாகத் தெரியும். நம் ஆற்றங்கரை நகரத்தின் கணக்கில், வெள்ளத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, நிதி இருப்பு 40 கோடி என்று எழுதியிருந்ததாக வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் ஒருவர் எழுந்து, ‘40 கோடி சும்மா கிடக்கிறதே, என் வார்டுக்குச் சாலை போடக் கூடாதா?’ என்கிறார்.

அந்த 40 கோடியைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதில் 3 கோடி, கிடங்கில் அடுக்கிவைத்திருக்கும் குழாய்களும் முன்கூட்டியே கட்டிவிட்ட காப்பீட்டுத் தவணையும். கணக்கில் சொத்துதான், ஆனால் அதைக் கொடுத்து டீசல் வாங்க முடியாது. 15 கோடி, பாலம் கட்ட மட்டும் என்று நிபந்தனையோடு வந்த மானியம். அதை வேறு எதற்கும் தொட்டால் சட்டப்படி குற்றம். 6 கோடியைப் பேருந்து நிலையத்துக்கென்று மன்றமே தீர்மானம் போட்டு ஒதுக்கிவிட்டது. இன்னொரு 4 கோடி, அடுத்த ஆண்டு குப்பை லாரிகள் வாங்க என்று நிர்வாகம் குறித்துவைத்திருப்பது. கடைசியில் யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுக்கப்படாத தொகை 12 கோடி.

நான் சும்மா இப்படிப் பிரிக்கவில்லை. அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குக் கணக்கியல் விதிகளை வகுக்கும் வாரியம் 2009-இல் வெளியிட்ட 54-ஆம் விதி, நிதி இருப்பை இதே ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது: செலவழிக்க இயலாதது, வெளியார் கட்டுப்படுத்தியது, மன்றம் முறைப்படி ஒதுக்கியது, ஒரு நோக்கத்துக்காகக் குறித்துவைத்தது, எதற்கும் ஒதுக்காதது. மேலிருந்து கீழே வரவரப் பிடி தளர்கிறது. உங்கள் ஊர்க் கணக்கில் இந்தப் பெயர்கள் இல்லாமல் போகலாம். ஆனால் எந்த ஊரின் இருப்பையும் இந்த ஐந்து கேள்விகளால் சலித்துப் பார்க்க முடியும்.

அந்த 12 கோடியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கணக்கு வைக்கும் முறையைப் பொறுத்து, இன்னும் வசூலாகாத வரிப் பாக்கியும் அதில் கலந்திருக்கலாம். பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இப்போது தண்ணீருக்குள் நிற்பவர்கள். வெள்ளத்தன்று அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி வரி கேட்க முடியுமா? இருப்பு நிதி என்பது வங்கியில் ரொக்கமாகவோ, ஓரிரு நாளில் ரொக்கமாக்கக்கூடிய வடிவிலோ இருந்தால்தான் அது இருப்பு.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். சொத்து வரி ஆண்டில் ஒன்றிரண்டு தவணைகளில் வரும், சம்பளமோ மாதாமாதம் போகும். நடுவில் கை வறண்டுபோகும் மாதங்களைக் கடத்தத் தேவைப்படும் தொகை நடைமுறைக் கையிருப்பு. பட்ஜெட்டில் ‘எதிர்பாராச் செலவு’ என்று ஒரு சிறு தலைப்பு இருக்கும். அது ஜெனரேட்டர் பழுதாவது போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு. அவசரகால இருப்பு இந்த இரண்டும் அல்ல. மூன்றையும் ஒரே பானையில் கொட்டிவைத்தால், உண்மையான ஆபத்து வரும் நாளில் பானை எந்த அளவில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு வேண்டும்?

உலகம் முழுமைக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் சில அளவுகோல்கள் உண்டு. அமெரிக்கா, கனடா நாடுகளின் அரசு நிதி அலுவலர்கள் சங்கம், பொது நிதியில் குறைந்தது இரண்டு மாத வழக்கமான வரவுக்கோ செலவுக்கோ சமமான, கட்டுப்பாடு இல்லாத தொகை இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இரண்டு மாதம் என்றால் ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 17 சதவீதம். நம் நகரத்துக்கு இது 20 கோடி. கறாராகப் பார்த்து, எதற்கும் ஒதுக்காததை மட்டும் எண்ணினால் கையில் இருப்பது 12 கோடி. ஆக, சேர்க்க வேண்டியது இன்னும் 8 கோடி.

சில இடங்களில் சட்டமே அளவைச் சொல்லிவிடுகிறது. கொலராடோ மாநில அரசியலமைப்பில் 1992-இல் வாக்காளர்கள் சேர்த்த திருத்தம், மாநிலமும் அதன் உள்ளாட்சிகளும் ஆண்டுச் செலவில் 3 சதவீதத்தை அவசரத்துக்கென்று வைத்திருக்கச் சொல்கிறது. ஒரே நாளில் திணிக்கவில்லை. 1993-இல் 1 சதவீதம், 1994-இல் 2, அதன்பின் 3 என்று படிப்படியாக ஏற்றினார்கள். இந்தப் படிப்படியான ஏற்றம் எனக்குப் பிடித்த அம்சம். ஏழை ஊராட்சிகூட முதலாண்டிலேயே மூச்சுத் திணறாமல் தொடங்க முடியும்.

புயல்களின் பாதையில் கிடக்கும் பிலிப்பைன்ஸில் 2010-ஆம் ஆண்டின் பேரிடர்ச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் வழக்கமான வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும். அதில் 30 சதவீதம், நடந்துவிட்ட பேரிடருக்கு உடனே கைகொடுக்கும் தயார்நிலைப் பணம். மீதி 70 சதவீதத்தை ஆபத்து வருவதற்கு முன்பே செலவழிக்கலாம்: எச்சரிக்கைக் கருவிகள், பயிற்சி, கரை பலப்படுத்துதல், மீட்புப் பொருள்கள். செலவாகாத தொகை ஆண்டு முடிவில் காலாவதியாகிப் போய்விடாது. தனியான அறக்கட்டளைக் கணக்குக்குப் போய் ஐந்து ஆண்டுகள் இருக்கும், அதற்குள்ளும் பயன்படாவிட்டால்தான் பொது நிதிக்குத் திரும்பும். ‘மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் பறிபோய்விடும்’ என்று கடைசி மாதத்தில் கண்டதையும் வாங்கித் தள்ளும் பழக்கத்தை அரசு அலுவலகங்களில் பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு விதியின் அருமை புரியும்.

இந்த எண்களுக்கு அப்பால் ஒவ்வோர் ஊரும் தன்னைத் தானே எடைபோட வேண்டும். ஆற்றுக்குப் பக்கத்திலா, மலைச்சரிவிலா, கடலோரத்திலா? வருமானம் பல வழிகளில் வருகிறதா, அல்லது ஒரே தொழிற்சாலை கட்டும் வரியை நம்பியிருக்கிறதா? அந்தத் தொழிற்சாலை மூடினால் அதுவும் ஒரு வெள்ளம்தான். குடிநீர்க் குழாய்களுக்கு வயது என்ன? சிறிய ஊர் என்றால் சதவீதம் பெரிதாகவே இருக்க வேண்டும். பெரிய மாநகரத்தில் ஒரு பாலம் இடிந்தால் அது பட்ஜெட்டில் ஒரு கீறல். சிற்றூரில் அதே பாலம் இடிந்தால் ஆண்டு வருமானமே போய்விடும்.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பேரழிவுக்கும் சேர்த்துப் பணத்தைக் குவித்துவைக்க எந்த ஊராலும் முடியாது. முயலவும் கூடாது. அடிக்கடி வரும் சிறு, நடுத்தரச் சேதங்களை இருப்பு நிதி தாங்கட்டும். அதற்கு மேல் முன்கூட்டியே பேசிவைத்த கடன் வசதியும், அதற்கும் மேல் காப்பீடும் மேலரசின் உதவியும் தாங்க வேண்டும்.

எங்கிருந்து எடுத்து வைப்பது?

இதில் எளிய வழி, ஆண்டுதோறும் பட்ஜெட்டின் முதல் வரியிலேயே ஒரு தொகையை எழுதிவிடுவது. எல்லாச் செலவும் போக மிஞ்சியதை வைப்போம் என்றால் மிஞ்சாது.

இரண்டாவது, உபரியில் பங்கு பிடிப்பது. ஜப்பானின் உள்ளாட்சி நிதிச் சட்டம், ஆண்டுக் கணக்கு முடிந்து உபரி நின்றால், அதில் பாதிக்குக் குறையாமல் இருப்பில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டும் என்கிறது. மேயரோ மன்றமோ யாராக இருந்தாலும் அந்தப் பாதியைத் தொட முடியாது.

மூன்றாவது வழியை சான் பிரான்சிஸ்கோ 2003-இல் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றுக்கொண்டது. வருவாய் முந்தைய ஆண்டைவிட 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால், அந்த 5 சதவீதத்துக்கு மேற்பட்ட தொகையில் பாதி நேராக மழைநாள் நிதிக்குப் போகும். கால் பங்கு கட்டடம், கருவி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு. மீதிக் கால் பங்கைத்தான் விருப்பப்படி செலவழிக்கலாம். இதில் ஒளிந்திருக்கும் யோசனையைக் கவனியுங்கள். நல்ல காலத்தில் மன்றத்துக்குக் கை நீளும். புதிய பணியிடங்கள், புதிய சலுகைகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் பிறக்கும். இரண்டாண்டு கழித்து வருவாய் சரியும்போது அந்தச் சம்பளங்கள் மட்டும் அப்படியே நிற்கும். வருவாய் துள்ளும் ஆண்டில் துள்ளலின் ஒரு பகுதியை அப்போதே பெட்டிக்குள் போட்டுவிட்டால், பின்னால் அழ வேண்டியது பாதியாகக் குறைகிறது.

நிலம் விற்ற பணம், வழக்கில் கிடைத்த இழப்பீடு, ஒரே தடவை வந்த மானியம் இவையெல்லாம் இருப்புக்கு மிகப் பொருத்தமான விதைகள். அடுத்த ஆண்டு வராத பணத்தை, ஆண்டுதோறும் வரப்போகும் செலவுக்குத் தூக்கிக் கொடுப்பது போன்ற பிழை வேறில்லை.

சில ஊர்களுக்குச் சேமிக்கவே சட்டம் இடம் கொடுக்காது. நியூயார்க் நகரம் 1975-இல் திவாலின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஆண்டுதோறும் பட்ஜெட் கறாராகச் சமநிலையில் இருக்க வேண்டும் என்று கடுமையான விதி வந்தது. அந்த விதி, ஓராண்டின் உபரியைச் சேர்த்துவைத்து பின்னோர் ஆண்டின் பள்ளத்தை நிரப்பவும் வழியை அடைத்துவிட்டது. நகரம் என்ன செய்தது? அடுத்த ஆண்டுக்கான கடன் தவணைகளை முன்கூட்டியே கட்டியது, ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவுக்கான நிதியில் கூடுதலாகப் போட்டுவைத்தது. சுற்றுவழியில்தான் சேமிக்க முடிந்தது. முறையான மழைநாள் நிதிக்கு நகரத்தின் சாசனத்தில் இடம்கொடுக்க, 2019 நவம்பரில்தான் மக்கள் வாக்களித்தார்கள்.

சாவி யாரிடம்?

எது அவசரம்? கேள்வி சின்னதாகத் தெரியும். தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள், எல்லாமே அவசரமாகத்தான் இருக்கும்.

கொலராடோவின் விதி இந்த இடத்தில் மிகக் கறாரானது. பொருளாதார நிலை, வருவாய்க் குறைவு, ஊழியர்களின் சம்பள உயர்வு இவை மூன்றும் அவசரம் ஆகா என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். இது சற்று அதிகம் என்பது என் கருத்து. பெருமந்தம் வந்து வருவாய் சரிந்தால் அதுவும் ஊரைப் புரட்டிப்போடும் ஆபத்துதானே? ஆகவே இரண்டு பெட்டிகள் வைத்துக்கொள்ளும் ஊர்களின் வழி எனக்குச் சரியாகப் படுகிறது: ஒன்று இயற்கைச் சீற்றம், விபத்து, தொற்றுநோய்க்கு, மற்றொன்று வருவாய் சரிவுக்கு. ஆனால் கொலராடோவிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எது அவசரம் என்று சொல்வதோடு, எது அவசரம் இல்லை என்பதையும் அவர்கள் எழுதினார்கள்.

நல்ல விதியில் திறக்கும் முறையும் இருக்கும். முதல் சில நாள்களுக்கு ஆணையர் தன் பொறுப்பில் இவ்வளவு வரை எடுக்கலாம், அதற்கு மேல் மன்றத்தின் தீர்மானம் வேண்டும், எடுத்த பணத்துக்கு இத்தனை நாளுக்குள் கணக்கு மன்றத்தின் முன் வர வேண்டும் என்ற அளவுக்குத் தெளிவு தேவை. மன்றம் கூடினால்தான் ஒரு காசும் எடுக்கலாம் என்று பூட்டிவைத்தாலும் தப்பு. கவுன்சிலர்களின் வீடுகளே மூழ்கிக்கிடக்கும்போது கூட்டத்தை எங்கே கூட்டுவது?

திறக்கவே கூடாத காரணம் ஒன்று இருக்கிறது: வரவைவிடச் செலவு நிரந்தரமாகக் கூடிவிட்ட ஊர், அந்த இடைவெளியை இருப்பால் அடைப்பது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) இதற்கு வருத்தமான எடுத்துக்காட்டு. பல ஆண்டுகளாகச் செலவு வருவாயை மீறிக்கொண்டே போனது, இருப்பும் கரைந்துகொண்டே வந்தது. 2018 பிப்ரவரியில் அதன் நிதி அலுவலர், 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு கொடுத்தார். சட்டப்படி கட்டாயமானவை தவிரப் புதிய செலவு எதுவும் கூடாது என்பது அதன் பொருள். அதே ஆண்டு கோடையில் இரண்டாவது அறிவிப்பும் வந்தது. 2021 ஏப்ரலில் அந்த கவுண்டி மன்றமே கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் இரண்டு புதிய உள்ளாட்சிகள் வந்தன. இத்தனைக்கும் இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பட்ஜெட் போடும்போதே தலைமை நிதி அலுவலர் ‘இந்த இருப்பு போதுமா’ என்று மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அறிக்கையைக் கேட்டு மன்றம் நடந்துகொள்வதற்கு எந்தச் சட்டமும் உத்தரவாதம் தர முடியாது.

பணம் எங்கே தூங்குகிறது?

இருப்புப் பணத்தை முதலீடு செய்பவர்கள் மூன்று சொற்களை ஒரே வரிசையில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: முதலில் பாதுகாப்பு, அடுத்து உடனே எடுக்கும் வசதி, கடைசியாகத்தான் வட்டி. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் போதும்.

1994 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி திவால் மனு கொடுத்தது. செல்வம் நிறைந்த கவுண்டி அது. அதன் கருவூலர், நகரங்களும் பள்ளி மாவட்டங்களும் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனால் பெருக்கி, வட்டி விகிதம் ஏறாது என்ற கணிப்பில் முதலீடு செய்திருந்தார். விகிதம் ஏறியது. நட்டம் 160 கோடி டாலருக்கு மேல். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் வங்கிகள் சரிந்தபோது, பிரிட்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் ஏறத்தாழ 95 கோடி பவுண்டு அவற்றில் மாட்டிக்கொண்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடித்தன. அவசரத்துக்கென்று வைத்த பணம் ஆண்டுகள் கழித்துத் திரும்பினால், அந்த நேரத்தில் அது இருப்பு ஆகாது.

பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரம் சாட்சி. ஏறத்தாழ 16,000 பேர் வாழும் ஊர். அதன் கணக்குகளைப் பார்த்துவந்த அலுவலர் 1990-இல் ‘கழிவுநீர் மூலதன இருப்பு’ என்று பொருள்படும் சுருக்கெழுத்துப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். ஊரின் பணம் அந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து அவருடைய சொந்தச் செலவுகளுக்குப் போனது. இருபதாண்டுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது, அவருடைய வேலையைப் பார்த்த எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் கேட்டு வாங்கினார். யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கு அப்போதுதான் வெளியே வந்தது. போனது 5.3 கோடி டாலருக்கு மேல். 2012-இல் கைது நடந்தது. ‘மாநில அரசின் பணம் தாமதமாகிறது’ என்ற காரணத்தைக் கேட்டுக்கேட்டு, அத்தனை ஆண்டுகளும் அந்த ஊர் தன் சேவைகளைச் சுருக்கிக்கொண்டிருந்தது. இருப்பு நிதியின் வங்கி விவரத்தை, அதைக் கையாளாத இன்னொருவர் மாதாமாதம் பார்க்க வேண்டும் என்ற சாதாரண விதியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

அதிகமாக வைத்திருப்பதும் தப்பா?

ஆம், தப்பாகலாம். இருப்பில் கிடக்கும் ஒவ்வொரு காசும் யாரோ ஒருவர் கட்டிய வரி. அந்தக் காசுக்கு இன்று கிடைத்திருக்க வேண்டிய தெருவிளக்கையோ மருத்துவமனைப் படுக்கையையோ அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் 2010-களின் தொடக்கத்தில் உள்ளாட்சிகள் சேவைகளைக் குறைத்துக்கொண்டே இருப்பைக் கூட்டுகின்றன என்று மத்திய அமைச்சரே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். உள்ளாட்சிகளோ, மத்திய மானியம் வேகமாகக் குறையும்போது சேர்த்துவைக்காமல் என்ன செய்வது என்று பதில் சொல்லின. இரு பக்கமும் உண்மை இருந்தது.

இதற்கு வழி, கீழ் வரம்பு வைப்பதோடு மேல் வரம்பும் வைப்பதுதான். அதைத் தாண்டிச் சேரும் தொகை கரை கட்டவோ, கடனடைக்கவோ, பழைய குழாய் மாற்றவோ போகட்டும். மக்களிடம் காரணத்தைச் சொல்லி வைத்திருக்கும் பணத்துக்கும், சொல்லாமல் வைத்திருக்கும் பணத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பெருந்தொகையும் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை 2020 காட்டியது. டோக்கியோ பெருநகர அரசு உலகின் செல்வமான உள்ளாட்சிகளில் ஒன்று. பெருந்தொற்று தொடங்கும்போது அதன் நிதிச் சீரமைப்பு இருப்பில் 90,000 கோடி யென்னுக்கு மேல் இருந்தது. கடைகளை மூடிய வணிகர்களுக்கு உதவித்தொகை, மருத்துவ ஏற்பாடுகள் என்று சில மாதங்களுக்குள்ளேயே அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒதுக்கப்பட்டுவிட்டது. இருப்பு இருந்ததால்தான் அவ்வளவு விரைவில் கொடுக்க முடிந்தது. அடுத்த அலைக்கு என்ன செய்வது என்ற கவலையும் அன்றே தொடங்கிவிட்டது.

எடுத்ததைத் திருப்பி வைப்பது

பல ஊர்களின் விதியில் இந்தப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். நிதி அலுவலர்கள் சங்கத்தின் பரிந்துரை, பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நிரப்பிவிட வேண்டும் என்பது. எந்த வருவாயிலிருந்து நிரப்புவது என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும்.

நம் ஆற்றங்கரை நகரத்துக்குத் திரும்பலாம். 12 கோடி என்று கணக்குப் பார்த்த அந்த ஆண்டுக்குப் பிறகு அவர்கள் ஆண்டுக்கு 2 கோடி வீதம் நான்காண்டு சேர்த்தார்கள். ஆகவே வெள்ளம் வந்த காலையில் பெட்டியில் 20 கோடி முழுதாக இருந்தது. முதல் மூன்று நாள் ஆணையரின் கையெழுத்திலும், பிறகு மன்றத்தின் தீர்மானத்திலும் 14 கோடி செலவானது. மோட்டார்கள் மாற்றப்பட்டன, பத்தாவது நாள் குழாயில் தண்ணீர் வந்தது. பெட்டியில் 6 கோடி.

செலவிட்டதில் 8 கோடியை மேலரசு ஏற்றுக்கொண்டது, பணம் வந்து சேர 14 மாதம் ஆனது. வந்த அன்றே பலர் கை நீட்டினார்கள். ஆனால் திரும்பிவரும் தொகை முதலில் பெட்டிக்குத்தான் என்று விதியில் எழுதியிருந்தது. 14 கோடி ஆயிற்று. மீதி 6 கோடியை மூன்றாண்டில், ஆண்டுக்கு 2 கோடியாகப் போட வேண்டும்.

இரண்டாம் ஆண்டு பட்ஜெட் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்தார். ‘வெள்ளம் போய் எவ்வளவு நாள் ஆயிற்று! இந்த வருஷம் அந்த 2 கோடியைப் பூங்காவுக்குக் கொடுங்கள்’ என்றார். அவர் கேட்டது தப்பான பொருள் அல்ல, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்பது உண்மை. நிதி அலுவலர் விதியை வாசித்தார்: தவணையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் திறந்த கூட்டத்தில் காரணம் சொல்லி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கைதூக்க வேண்டும். கைகளை எண்ணினார்கள், போதவில்லை. தவணை பெட்டிக்குப் போனது. பூங்காவை அடுத்த ஆண்டு வேறு தலைப்பில் சேர்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டு முடிவில் பெட்டி மறுபடி 20 கோடியைத் தொட்டது. அதற்குள் நகராட்சியின் ஆண்டுச் செலவு 132 கோடி ஆகியிருந்தது. இரண்டு மாதச் செலவு இப்போது 22 கோடி. அடுத்த பட்ஜெட்டின் முதல் வரியில் மறுபடி 2 கோடி என்று எழுதினார்கள்.